கன்டெய்னருக்கு உண்டு, மாணவனுக்கு இல்லை!

2020 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் ஒரு பூனை மாட்டிக்கொண்டது. சீனாவிலிருந்து பொம்மைகள் வந்த கன்டெய்னருக்குள் இருந்தது. வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பவேண்டும் என்றார்கள் அதிகாரிகள். விலங்கு ஆர்வலர்கள் விடவில்லை. கடிதம் எழுதினார்கள், பத்திரிகைகளும் எழுதின. ஏப்ரலில் பூனைக்கு விடுதலை கிடைத்தது.

பூனை மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நன்றாக இருக்கட்டும். ஆனால் அதே சமயத்தில் அதே சீனாவிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட இன்னொரு கூட்டம் இருந்தது. அவர்கள் கதையை நம்மில் எத்தனை பேர் கடைசிவரை கவனித்தோம்?

சீனாவில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களைச் சொல்கிறேன். சுமார் 23 ஆயிரம் பேர். பெரும்பாலோர் எம்.பி.பி.எஸ். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. பலர் குளிர்கால விடுமுறைக்குக் கையில் ஒரு பையோடு வந்தவர்கள். புத்தகம், துணிமணி எல்லாம் அங்கே ஹாஸ்டலில். மார்ச் மாதம் சீனா கதவைச் சாத்தியது. மாணவர்களுக்கு மறுபடி விசா கொடுக்கத் தொடங்கியது 2022 ஆகஸ்டில். இரண்டரை வருடம்!

நான் பி.காம். படித்தவன். எதையும் தேதி போட்டு, வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். எழுதிப் பார்ப்போம், வாருங்கள்.

2020 ஜனவரி 30: இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி உறுதியானார். வூஹானிலிருந்து கேரளம் திரும்பிய ஒரு மருத்துவ மாணவி.

2020 பிப்ரவரி 19: மத்திய நிதியமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. கொரோனாவால் சீனாவிலிருந்து சரக்கு வருவது தடைபட்டால் அதை இயற்கைப் பேரிடராகக் கருதலாம், ஒப்பந்தத்தில் உள்ள ‘ஃபோர்ஸ் மஜூர்’ பிரிவைப் பயன்படுத்தலாம் என்றது.

வணிகச் சட்டம் படித்தவர்களுக்கு இந்த வார்த்தை பழக்கம். நம் கையை மீறிய சம்பவம் என்று அர்த்தம். சொன்ன தேதிக்குச் சரக்கு தர முடியவில்லை, ஆனால் தப்பு என்னுடையது இல்லை, அதனால் எனக்கு அபராதம் போடாதே என்று கேட்கிற உரிமை அது.

முதல் நோயாளிக்கும் இந்த ஆணைக்கும் நடுவே எத்தனை நாள்? இருபதே நாள்.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கப்பல் போக்குவரத்து அமைச்சகம் உடனே பெரிய துறைமுகங்களுக்கு எழுதியது. ஊரடங்கால் சரக்கை எடுக்க முடியாமல் போனால் அபராதம், டெமரேஜ் வசூலிக்காதீர்கள் என்றது. டெமரேஜ் என்றால் என்ன என்று ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் பத்தாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரியும். கெடு தாண்டிக் கிடக்கிற சரக்குக்குக் கட்டவேண்டிய தண்டம். அதை வேண்டாம் என்றார்கள். மார்ச் கடைசியில் கப்பல் கம்பெனிகளையும் கூப்பிட்டு, கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானால் கட்டணம் கேட்காதீர்கள் என்றார்கள்.

நல்ல முடிவுகள்தான். குறை சொல்ல மாட்டேன். வியாபாரி பாவம், அவன் என்ன செய்வான்?

இப்போது அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள். ‘இவர்கள் கையை மீறிய சம்பவத்தால் மாட்டிக்கொண்டவர்கள்’ என்று மாணவர்களுக்காக தேசிய மருத்துவ ஆணையம் ஒரு திட்டத்தை அறிவித்த தேதி 2022 ஜூலை 28. அதுவும் தானாக வந்த கருணை இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில், இரண்டு மாதத்துக்குள் திட்டம் வகுக்கச் சொல்லி 2022 ஏப்ரல் 29-ல் தீர்ப்பு வந்த பிறகுதான்.

சரக்குக்கு இருபது நாள். மாணவனுக்கு இரண்டரை வருடம், கூடவே உச்ச நீதிமன்றம். கணக்கு சரியாக இருக்கிறதா, சொல்லுங்கள்.

‘யார் இவர்களைச் சீனாவுக்குப் போகச் சொன்னது? இங்கே மார்க் வாங்க முடியாத பணக்காரப் பிள்ளைகள்தானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. வாசகர்களில் சிலர் இப்போதே மனசுக்குள் கேட்டிருப்பீர்கள்.

முதலில் மார்க். வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிறவர்களும் நீட் தேர்வில் தகுதி பெறவேண்டும் என்ற விதி 2018-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு போனவர்கள் இந்த நாடே வைத்த தேர்வில் தேறியவர்கள்.

அடுத்து பணம். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற ஒரு கிளியரிங் ஆபீஸ் குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் நீட்டில் தேறுகிறாள். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரம். 2020 வாக்கில் அரசுக் கல்லூரியில் வருடக் கட்டணம் பதினாலாயிரத்துக்கும் குறைவு. ஆனால் அங்கே இடம் கிடைக்கிற மார்க் இல்லை. தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் உண்டு, வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். சீனாவிலோ மொத்தப் படிப்பும் 25, 30 லட்சத்தில் முடிந்துவிடும் என்கிறார் ஏஜென்ட். அந்த அப்பா என்ன செய்வார்? பதினாலாயிரத்துக்கும் பன்னிரண்டு லட்சத்துக்கும் நடுவே இடம் கிடைப்பது அரிதான ஒரு நாட்டில், நடுத்தரக் குடும்பம் நடுவில் இருக்கிறதைத் தேடிக் கடல் தாண்டுகிறது. இதுவா பணக்காரத் திமிர்?

அந்த அப்பா வீட்டை அடமானம் வைத்தோ பேங்கில் கடன் வாங்கியோ அனுப்பினார். மகள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். கடன் திரும்பவில்லை. 2020-ல் ரிசர்வ் வங்கி ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றது. தவணைதான் லீவு எடுத்தது, வட்டி எடுக்கவில்லை. அதற்குப் பிறகு? படிப்பு நின்ற இடத்தில் நிற்க, கடன் மட்டும் வளர்ந்தது.

வகுப்பு செல்போனில் நடந்தது. அதிலும் ஒரு கூத்து. கல்வான் மோதலுக்குப் பிறகு, 2020 ஜூன் 29-ல் 59 சீன ஆப்களை இந்தியா தடை செய்தது. அதில் வீசாட்டும் ஒன்று. பல மாணவர்களுக்குக் கல்லூரியோடு இருந்த தொடர்பே அதுதான். தேசப் பாதுகாப்பு முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே சீனாவோடு 2021-ல் நடந்த வர்த்தகம் 125 பில்லியன் டாலர். அதுவரை காணாத உச்சம். காசிமேட்டுக் கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், கப்பல் வருவது நிற்கவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகளின் வரிசை ஓயவில்லை. சீனாவின் சரக்கு இங்கே வரலாம், இங்கே படித்த பாடத்தை முடிக்க மாணவி அங்கே போகக்கூடாது. இதில் சீனாவின் குற்றமும் உண்டு. தென்கொரிய மாணவர்களை 2020-லேயே திரும்ப அனுமதித்த அரசு அது.

இன்னொரு கேள்வி வரும். அது நியாயமான கேள்வி. ‘செல்போனில் படித்தவரிடம் நீங்கள் ஆபரேஷன் செய்துகொள்வீர்களா?’

மாட்டேன். நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் டாக்டர் ஆக முடியாது என்பதை உச்ச நீதிமன்றமும் சொன்னது. அப்படியானால் தொட்டுப் பார்க்கிற பயிற்சியை இங்கே கொடுத்திருக்கவேண்டியதுதானே? இடமா இல்லை, நோயாளியா இல்லை? 2020 மே மாதம் சென்னையில் முதலில் ஆயிரம் தொற்றைத் தாண்டிய மண்டலம் ராயபுரம். ஸ்டான்லியில் ஆள் போதாமல் டாக்டர்களும் நர்ஸுகளும் தூங்காமல் உழைத்த நாட்கள். 2021 மே மாதம், இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களைப் பேராசிரியர்களின் மேற்பார்வையில் லேசான தொற்றாளர்களைக் கவனிக்கப் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவிக்கும் அளவுக்குத் தட்டுப்பாடு. அதே நேரத்தில் நாலு வருடம் மருத்துவம் படித்த பிள்ளைகள் வீட்டு மொட்டை மாடியில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டே அரசு மருத்துவமனைகளில் மேற்பார்வையில் பயிற்சிக்குச் சேர்த்திருந்தால் யாருக்கு நஷ்டம்?

அரசால் முடியாது என்று சொல்லாதீர்கள். கோவிஷீல்டு இரண்டாவது ஊசிக்கு 84 நாள் காத்திருக்கவேண்டும் என்ற விதி இருந்தபோது, வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு 28 நாளிலேயே போடலாம் என்று 2021 ஜூனில் தளர்த்தியது இதே அரசுதான். அமெரிக்காவுக்கும் லண்டனுக்கும் விமானம் ஏறவேண்டியவர்களுக்கு விதி வளைந்தது. நல்லது. சீனாவிலிருந்து திரும்பியவர்களுக்கு அதே விதி ஏன் விறைத்துக்கொண்டு நின்றது?

அமெரிக்காவிலும் 2020 ஜூலை 6-ல் ஒரு அறிவிப்பு வந்தது. முழுக்க ஆன்லைனில் படிக்கிற வெளிநாட்டு மாணவர்கள் நாட்டை விட்டுக் கிளம்பவேண்டும் என்றார்கள். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் வழக்குப் போட்டன. எட்டே நாளில் அரசு பின்வாங்கியது. அந்த மாணவர்களுக்காகப் பேசப் பெரிய இடம் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு? ஃபீஸ் வாங்கிய கல்லூரி அங்கே, கமிஷன் வாங்கிய ஏஜென்ட் எங்கேயோ.

சரி, எல்லாம் முடிந்த கதைதானே, இப்போது ஏன் கிளறுகிறாய் என்கிறீர்களா? முடியவில்லை என்பதால்தான். 2022 ஜூலை திட்டத்தைப் படித்துப் பாருங்கள். அந்த ஜூன் 30-க்குள் படிப்பை முடித்துவிட்ட இறுதியாண்டு மாணவர்களுக்கு மட்டும் தகுதித் தேர்வு எழுத அனுமதி, தேறினால் ஒரு வருடத்துக்குப் பதில் இரண்டு வருடம் பயிற்சி. மற்றவர்களில் தொற்றாலும் உக்ரைன் போராலும் திரும்பி வந்தவர்களுக்கு, இங்கேயே இறுதித் தேர்வு எழுத வழி பிறந்தது 2023 மார்ச்சில், மறுபடி உச்ச நீதிமன்றத்தில். ஜூலை திட்டத்தில் ஒரு வரி உண்டு. இது ஒரே ஒரு முறை மட்டும், இதை முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாதாம்.

இதற்கு என்ன அர்த்தம்? அடுத்த தொற்று வந்தால், அடுத்த போர் வந்தால், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. மறுபடி மனு, மறுபடி வக்கீல் ஃபீஸ், மறுபடி இரண்டரை வருடம்.

எனவே இரண்டு கோரிக்கைகள். ஒன்று, தொற்றாலோ போராலோ எல்லை மூடினால் அது மாணவரின் தவறு அல்ல என்று மருத்துவ ஆணையத்தின் விதியிலேயே நிரந்தரமாக எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் மூடியிருந்தால், அரசு மருத்துவமனையில் மேற்பார்வையில் பெறுகிற பயிற்சி படிப்பில் சேரும் என்றும் எழுதுங்கள். இரண்டு, அந்தக் காலத்துக்குக் கல்விக் கடனின் வட்டியை நிறுத்துங்கள்.

சலுகை எதுவும் கேட்கவில்லை. சீனப் பொம்மைக்கு ஏற்கெனவே கொடுத்த சட்டத்தை, அந்தப் பொம்மை வந்து இறங்கிய ஊரில் பிறந்த மாணவிக்கும் கொடுங்கள் என்கிறேன். அவ்வளவுதான்.