வாரன்டின் விலை எந்த டாலரில்?



தங்கம் ஏறும்போதெல்லாம் இந்தக் கேள்வி உங்களிடமிருந்து வருகிறது: டொராண்டோ சந்தையில் சுரங்க நிறுவனத்தின் பங்கை வாங்குவதா, அதைவிட மலிவாகக் கிடைக்கும் வாரன்டை வாங்குவதா?

மலிவுதான். ஆனால் வாரன்ட் பங்கு அல்ல. குறித்த தேதிக்குள் குறித்த விலையில் நிறுவனத்திடம் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே. டிவிடெண்ட் கிடையாது, ஓட்டும் கிடையாது. 10 டாலர் பங்கை 8 டாலருக்கு வாங்கும் வாரன்ட் 3 டாலருக்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். பங்கு 14 ஆனால் பங்குக்காரருக்கு 40 சதவீத லாபம். வாரன்ட்காரருக்குப் பணம் இரட்டிப்பு. கெடு முடியும் நாளில் பங்கு 7-ல் நின்றால் முன்னவருக்கு 30 சதவீதம் நஷ்டம், ஆனாலும் காத்திருக்கலாம். பின்னவருக்குப் போட்டது முழுதும் போயிற்று. 2011 செப்டம்பரில் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்ட தங்கம், 2015 இறுதியில் 1,060 வரை இறங்கி, 2020-ல்தான் 2,000-ஐத் தாண்டியது. அத்தனை காலம் எந்த வாரன்ட் உயிரோடிருக்கும்?

இதைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது, வாரன்டில் எழுதிய விலை எந்த டாலரில் என்று பாருங்கள். சில கனடா நிறுவனங்கள் அதை அமெரிக்க டாலரில் வைக்கின்றன. 2011-ல் இரண்டு டாலரும் ஏறக்குறையச் சமம். வாரன்டில் 10 அமெரிக்க டாலர் என்று எழுதியிருந்தால், 2015 முடிவில் அதற்கு 13.80 கனடா டாலருக்கு மேல் தர வேண்டியிருந்தது. டொராண்டோவில் பங்கு 12-க்கு விற்பதைப் பார்த்து, 10 டாலரைத் தாண்டிவிட்டதே என்று மகிழ்ந்தவர் உண்மையில் 1.80 பின்தங்கி நின்றார்.

கனடா டாலரில் எழுதிய வாரன்டுக்கு இதே நாணயச் சரிவு துணை. சுரங்கம் தங்கத்தை அமெரிக்க டாலரில் விற்கிறது. கனடாவில் தோண்டினால் கூலி கனடா டாலரில். அந்த நான்காண்டுகளில் அமெரிக்கக் கணக்கில் 40 சதவீதத்துக்கு மேல் விழுந்த தங்கம், கனடா கணக்கில் ஏறக்குறையக் கால் பங்குதான் விழுந்தது.

பிள்ளைகளின் படிப்புக்கு வைத்த பணம் என்றால் வாரன்ட் பக்கமே போகாதீர்கள். இழந்தாலும் வீடு தாங்கும் தொகைதான் என்றால், கெடு மூன்றாண்டாவது மிச்சமுள்ள, கனடா டாலரில் எழுதிய வாரன்டைத் தேடுங்கள். பங்கு ஒரு விலையைத் தாண்டினால் கெடுவை நிறுவனமே முன்னுக்கு இழுக்கலாம் என்ற விதி பல சிறு நிறுவனங்களின் வாரன்டுகளில் உண்டு. வாங்குமுன் அதையும் ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள். பட்டியலிடப்பட்ட வாரன்டுகளின் ஒப்பந்தங்கள், கனடா நிறுவனங்களின் ஆவணங்கள் வெளியாகும் செடார் பிளஸ் (SEDAR+) தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அன்புடன்,
ஆசிரியர்