கமிஷன் அவர்களுக்கு, கடன் நமக்கு

முதலீட்டு வங்கிகள் இல்லாவிட்டால் காப்புறுதித் துறையே படுத்துவிடும் என்று எழுதியிருக்கும் நண்பர், ஜொகூர் வாசகர்களுக்கு மூன்று உறுதிமொழிகள் தருகிறார். 2008-இல் அமெரிக்கக் காப்புறுதி நிறுவனமான ஏஐஜி சரிந்தபோதும் அதன் காப்புறுதிப் பிரிவில் கீறல் விழவில்லை என்கிறார். நிறுவனம் யார் கைக்கு மாறினாலும் பாலிசிதாரருக்குச் செலவில்லை என்கிறார். வங்கிக் கிளையில் காப்புறுதி விற்பது வாடிக்கையாளரின் வசதிக்காக என்கிறார். மூன்றும் தவறு.

முதலில் ஏஐஜி. அதன் லண்டன் அலுவலகம் முதலீட்டு வங்கிகளோடு போட்ட ஒப்பந்தங்கள் ஊரறிந்தவை. நண்பர் விட்டுவிட்ட கதை வேறு. ஏஐஜியின் அமெரிக்க ஆயுள் காப்புறுதிக் கம்பெனிகள் தங்களிடமிருந்த பத்திரங்களை வங்கிகளுக்கு இரவல் கொடுத்தன. ஈடாக வந்த ரொக்கத்தை வீட்டுக்கடன் பத்திரங்களில் கொட்டின. வங்கிகள் ரொக்கத்தைத் திருப்பிக் கேட்டபோது கொடுக்க வழியில்லை. 2008-இல் இதில் மட்டும் 2,000 கோடி டாலருக்கு மேல் நட்டம். கீறல் விழாத பிரிவு என்று அவர் சொல்வது இதைத்தான்! அமெரிக்க அரசு கைகொடுத்த பிறகு, ஏஐஜி வழியாக கோல்ட்மன் சாக்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது 1,290 கோடி டாலர். அதே செப்டம்பரில், பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், அப்போது ஏஐஜியின் கையிலிருந்த ஏஐஏ காப்புறுதி நிறுவனத்தின் அலுவலகத்தின் முன் பாலிசியை முறித்துக்கொள்ள மக்கள் வரிசையில் நின்றார்கள். ஆயுள் பாலிசியை ஆரம்ப ஆண்டுகளில் முறிப்பவருக்குக் கட்டிய சந்தா முழுதாகத் திரும்பாது என்பது எந்த முகவருக்கும் தெரியும்.

அடுத்து, கைமாறும் செலவு. 2010-இல், அமெரிக்க அரசிடம் பட்ட கடனை அடைக்க ஏஐஜி ஏஐஏ-வை விலைபேசியது. பிரிட்டனின் காப்புறுதி நிறுவனமான புருடென்ஷியல் 3,550 கோடி டாலருக்குக் கேட்டது. பங்குதாரர்கள் முரண்டு பிடித்ததால் பின்வாங்கியது. நடக்காத அந்த வியாபாரத்தில் புருடென்ஷியலுக்கு ஆன செலவு 37.7 கோடி பவுண்ட். ஏஐஜிக்குக் கட்டிய தண்டத்தோடு, பங்கு வெளியீட்டுக்கு உத்தரவாதம் கொடுத்தவர்களின் கட்டணமும் ஆலோசகர்களின் கட்டணமும் அதில் அடக்கம். கல்யாணம் நின்றாலும் தரகர் கூலி நிற்கவில்லை. முதலீட்டு வங்கியின் அக்கறை பேரம் முடிகிற நாளோடு முடிகிறது. பாலிசிதாரருக்குக் கொடுத்த வாக்கோ முப்பது நாற்பது ஆண்டு நிற்க வேண்டியது. இந்த இரண்டு காலக் கணக்கும் இப்படி வேறுபடும்போது, கைமாறினால் பாலிசிதாரருக்குச் செலவில்லை என்று நண்பர் எப்படி எழுதினார்?

வங்கிக் கிளையில் விற்பது வசதிக்காக என்ற மூன்றாவது வாதம்தான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது. 2013-இல் சிஐஎம்பி அவிவா காப்புறுதி நிறுவனம் 180 கோடி ரிங்கிட்டுக்கு சன் லைஃபுக்கும் கசானாவுக்கும் கைமாறியது. 2022-இல் ஆம்பேங்க் குழுமத்தின் ஆம்ஜெனரல் காப்புறுதி நிறுவனம் 229 கோடி ரிங்கிட்டுக்கு லிபர்ட்டிக்குப் போனது. கூடவே ஆம்பேங்க் கிளைகளில் 20 ஆண்டுக்குத் தனி விற்பனை உரிமை. சட்டப்படி நடந்த பேரங்கள்தான். ஆனால் இப்படிப்பட்ட பேரங்களில் கிளை முகப்பில் நிற்கும் வாடிக்கையாளரையும் சேர்த்தே விலை போடுகிறார்கள். கொடுத்த விலையை வாங்கியவர் எங்கிருந்து எடுப்பார்? அந்த முகப்பில் விற்கும் பாலிசியிலிருந்துதான்.

மாசாயிலோ கூலாயிலோ வீடு வாங்கக் கடன் கேட்டுப் போகிறவரின் முன் நீட்டப்படும் கடன் காப்புறுதித் தாளைப் பாருங்கள். 20,000 ரிங்கிட் சந்தா என்று வைத்துக்கொள்வோம். ரொக்கமாகக் கட்ட முடியாதவர்களுக்கு அதைக் கடனோடு சேர்த்துவிடுகிறார்கள். 4 விழுக்காடு வட்டியில் 30 ஆண்டு தவணை போட்டால், அவர் கட்டி முடிப்பது 34,000 ரிங்கிட்டுக்கு மேல். கடன் குறையக் குறையக் காப்பும் குறைகிறது. சந்தாவுக்கான வட்டி மட்டும் கடைசி மாதம்வரை ஓடுகிறது. இதே காப்பை வெளியில் எந்த விலைக்கு வாங்கலாம் என்று அந்த மேசையில் யார் சொல்கிறார்கள்? இதற்கு வசதி என்று பெயர் வைப்பது அநியாயம்.

புயல், வெள்ள நட்டத்தைப் பத்திரமாக்கி உலகச் சந்தையில் பகிரும் வித்தையை முதலீட்டு வங்கிகள்தான் கொண்டுவந்தன என்கிறார் நண்பர். உண்மை, காப்புறுதிக்கு மூலதனம் வேண்டும், அதைத் திரட்ட ஆளும் வேண்டும். ஆனால் 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட் வீடுகளில் தண்ணீர் புகுந்தபோது என்ன நடந்தது? நம் நாட்டு வாகனக் காப்புறுதியில் வெள்ளக் காப்பு பொதுவாகத் தனியாகப் பணம் கட்டினால்தான் கிடைக்கும். கட்டாதவரின் மூழ்கிய கார் அவர் தலையில். உலகச் சந்தையின் எந்தப் பத்திரமும் அவருக்கு உதவவில்லை.

நண்பருக்கு இந்தத் துறையின் மேல் மெய்யான அக்கறை இருந்தால் பேங்க் நெகாராவிடம் இரண்டைக் கேட்கட்டும். கிளையில் விற்கும் ஒவ்வொரு பாலிசியிலும் வங்கிக்குப் போகும் பங்கை, கையெழுத்துக்கு முன் வாடிக்கையாளருக்கு ரிங்கிட்டில் எழுதிக் காட்ட வேண்டும். கடன் காப்புறுதிக்கு வெளியிலிருந்து இன்னொரு விலையைக் கேட்டுவர அவருக்கு அவகாசம் தர வேண்டும். அதைக் கேட்காமல் முதலீட்டு வங்கிகளுக்கு நன்றி சொல்லச் சொல்வது, சந்தா கட்டும் சனத்துக்குச் செய்யும் துரோகம்.