உடும்புக் கறி தின்றால் மூட்டுவலி போகுமா?



இரண்டு நாளாக நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரு வீடியோ சுற்றுகிறது. உடும்புக் கறி தின்றால் மூட்டுவலி பறந்துபோகுமாம், எண்ணெயைத் தேய்த்தால் நரம்பு முறுக்கேறுமாம். கீழே "திண்டிவனம் பக்கம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டிருப்பவர்களில் மூன்று பேர் என்னிடம் ஏழாம் வகுப்பில் அறிவியல் படித்தவர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உடும்பு பிடித்தால் விடாது, ஆகவே அதைத் தின்றவன் உடம்பும் இறுகும். இந்த வைத்தியத்தின் மொத்தச் சரக்கும் இதுதான். உடும்புப் பிடிக்குக் காரணம் அதன் வளைந்த நகமும் கால் தசையும். பொந்துக்குள் இருக்கும்போது இழுத்தால் உடம்பை உப்பவைத்து இறுக்கிக்கொள்ளும். குழம்பில் வெந்த பிறகு அதுவும் ஆட்டுக்கறி போலத்தான் செரிக்கும். நகத்தின் பலம் உங்கள் முழங்காலுக்கு எந்த வழியாக வந்து சேரும்? மயில்கறி தின்றவனுக்குத் தோகை முளைத்ததா? எண்ணெய் என்பது உருக்கிய கொழுப்பு. சூட்டோடு தேய்த்துவிட்டால் எந்த எண்ணெயும் கொஞ்சம் இதமாகத்தான் இருக்கும். பச்சை ரத்தம் குடிப்பவர்களுக்கு ஒன்று: ஊர்வன உடம்பில் சால்மோனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும். வலி போகாது, வயிறு போகும்.

வடநாட்டில் கூத்து இன்னும் பெரிது. ஆண் உடும்பின் பிறப்புறுப்பைக் காயவைத்து, 'ஹத்தா ஜோடி' என்ற அதிர்ஷ்ட வேர் என்று விற்கிறார்கள். வாங்குகிறவர் அதைப் பூஜையில் வைக்கிறார்!

சரி, உயிரோடு இருந்தால் உடும்பு என்ன செய்கிறது? வண்டு, நத்தை, நண்டு, தவளை, எலி, பாம்பு முட்டை, செத்த பிராணி எல்லாம் அதற்குச் சாப்பாடு. பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி வாசனை பிடித்து, மண்ணைக் கிளறித் தின்னும். நம் மல்லாட்டைக் கொல்லையில் கூலி கேட்காமல் வேலை செய்கிற பிராணி. கோழிமுட்டை ஒன்றிரண்டு போகும், மறுக்கவில்லை. கரையான் புற்றிலோ குழி பறித்தோ ஏறக்குறைய இருபது முட்டை இடும். அவை பொரிய ஆறேழு மாதம் ஆகும். விழுப்புரம் பக்கம் ஏரிக்கரையையும் கரம்பையும் பொக்லைன் வைத்து நிரவுகிறோமே, அந்த முட்டைகள் என்ன ஆகும்?

இப்போது சட்டம். 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் பட்டியலில் இருக்கிறது, புலி இருக்கிற அதே பட்டியல். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அபராதம் 2022 திருத்தத்துக்குப் பிறகு 25,000 ரூபாய்க்குக் குறையாது. கொன்றவருக்கு மட்டுமல்ல, கறியை வாங்கி வைத்திருப்பவருக்கும் இது குற்றம்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். காரில் வந்து இருளர் குடியிருப்பில் "ஒன்று பிடித்துத் தா" என்று முன்பணம் கொடுக்கிறவர் யார்? மாதச் சம்பளக்காரர். புற்றை வெட்டிப் பிடிக்கிறவன் யார்? வயலில் எலி பிடித்து, செங்கல் சூளையில் வேலை செய்து பிழைக்கிற பையன். வழக்கு வந்தால் ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் உள்ளே கிடப்பது அவன்தான். "அவங்கதானே சார் காலங்காலமா திங்கிறாங்க" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். பசிக்குத் தின்றதும், முழங்கால் வலிக்கு நீ போனில் ஆர்டர் கொடுப்பதும் ஒன்றா தம்பி? அதே இருளர்கள்தான் பாம்புத்தோல் வியாபாரம் நின்றபின், 1978-இல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்புகளைக் கொல்லாமல் விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். பாம்புக்கடி மருந்து அதிலிருந்துதான் தயாராகிறது. அந்த அறிவைத் தேடிப் போங்கள், உடும்பு கேட்டுப் போகாதீர்கள்.

மூட்டுவலிக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாட்டுக்கொட்டகையில் உடும்பு புகுந்தால் நாயைக் கட்டிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், தானே போய்விடும். போகாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வீடியோ போட்டவர்கள் இன்று இரவுக்குள் எடுத்துவிடுங்கள். மறுப்பு இருந்தால் இங்கேயே எழுதுங்கள். தனியாகப் போன் செய்து "சார், நீங்க சொல்றது சரிதான், ஆனா எங்க மாமாவுக்குக் கேட்டுச்சு" என்று ஆரம்பிக்க வேண்டாம்.