வரைவிலேயே பேச வேண்டும்

2024 செப்டம்பரில் ஹைதராபாதின் மூசி ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்கு அதிகாரிகள் சிவப்புப் பெயின்ட்டுடன் வந்தார்கள். சாதர்காட், மூசா நகர், சங்கர் நகர் பகுதிகளில் வீட்டுச் சுவர்களில் ‘ஆர்.பி.-எக்ஸ்’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். வீடு ஆற்றுப்படுகைக்குள் இருக்கிறது, காலி செய்ய வேண்டும் என்று அதற்குப் பொருள். மூசியைச் சீரமைக்கும் திட்டம் குறித்து அரசு பல மாதங்களாகப் பேசிவந்தது. ஆனால், தங்கள் வீடும் அதில் அடக்கம் என்பது சுவரில் பெயின்ட் ஏறிய பிறகுதான் தெரிந்தது என்று அங்கு குடியிருந்த பலர் சொன்னார்கள்.

ஆற்றை மீட்பது அவசியமான வேலை. 1908 வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோரை மூசிக்குப் பறிகொடுத்த நகரம் அது. ஆகவே, திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல இங்கே கேள்வி. அங்கே வாழ்கிறவர்களிடம் அதை எப்போது கேட்க வேண்டும் என்பதே கேள்வி. இதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. அது மக்களிடம் போய்ச் சேராததால்தான் ஒவ்வொரு முறையும் தெருவிலும் நீதிமன்றத்திலும் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

மக்கள் பேசுவதற்குச் சட்டம் மூன்று இடங்களைத் தந்திருக்கிறது. முதலாவது வார்டு. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 74ஆவது திருத்தம், மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்கிறது. ஹைதராபாத் மாநகராட்சிச் சட்டத்திலும் வார்டு குழுக்களுக்கும் அவற்றுக்குக் கீழே ஏரியா சபைகளுக்கும் இடம் உண்டு. ஆனால், அவை பெரும்பாலும் காகிதத்திலேயே இருக்கின்றன.

இரண்டாவது, முழுமைத் திட்டம். எது குடியிருப்பு, எது வணிகம், எது தொழிற்சாலை, எது ஏரி என்று வரைபடத்தில் வண்ணமிட்டுத் தீர்மானிக்கும் ஆவணம் இது. இதை இறுதி செய்யும் முன் வரைவாக வெளியிட்டு ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் கேட்டாக வேண்டும். பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் பெருநகரங்களில் இந்த வேலைக்கென்று பெருநகரத் திட்டக் குழு ஒன்று வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் உள்ளாட்சிப் பிரதிநிதிகளால் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்றும் அரசமைப்பு சொல்கிறது. ஹைதராபாதிலோ திட்டமிடும் அதிகாரம் முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் கையில் இருக்கிறது.

மூன்றாவது, நில வகை மாற்றம். குடியிருப்பு மனையை வணிக மனையாக மாற்றக் கோரி விண்ணப்பம் வந்தால், ஆணையம் நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும். பொடி எழுத்தில் சர்வே எண்களோடு வரும் அந்த அறிவிப்பு தன் தெருவைப் பற்றியது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த மூன்று இடங்களிலும் வாய்ப்பு நழுவிய பிறகு மிஞ்சுவது நீதிமன்றம். அங்கே ஹைதராபாத்வாசிகள் வென்றதும் உண்டு. இர்ரம் மன்ஸில் வழக்கு அதற்கு நல்ல சான்று. 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்த அரண்மனையை இடித்துவிட்டுப் புதிய சட்டமன்ற வளாகம் கட்ட 2019 ஜூனில் தெலங்கானா அமைச்சரவை முடிவெடுத்தது. பாரம்பரிய ஆர்வலர்களும் நகரவாசிகளும் உயர் நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 16 அன்று நீதிமன்றம் அந்த முடிவை ரத்துசெய்தது. கட்டிடத்தின் அழகைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பல்ல அது. முழுமைத் திட்டத்தின் விதிகளின் கீழ் பாதுகாக்கப்பட்ட கட்டிடத்தை, வளர்ச்சி ஆணையத்தின் அனுமதி பெறாமல் அரசே ஆனாலும் இடிக்க முடியாது என்பதே அதன் சாரம். முழுமைத் திட்டம் குடிமக்களை மட்டுமல்ல, அமைச்சரவையையும் கட்டுப்படுத்தும்.

ஆனால், நீதிமன்றத்தால் ஒன்றைத் தடுக்க முடியுமே தவிர, அதற்கு மாற்று என்ன என்று திட்டம் தீட்டித் தர முடியாது. ஜூபிலி ஹில்ஸ் அருகிலுள்ள கே.பி.ஆர். தேசியப் பூங்காவைச் சுற்றி மேம்பாலங்கள் கட்ட மரங்களை வெட்டுவதற்கு எதிராக 2016இல் மக்கள் திரண்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு தடை விதித்தது. சில ஆண்டுகள் கழித்து அதே பூங்காவைச் சுற்றியுள்ள சந்திப்புகளில் மேம்பாலங்களும் சுரங்கப்பாதைகளும் ‘ஹெச்-சிட்டி’ என்ற புதிய திட்டத்தில் திரும்பி வந்தன. அங்கே போக்குவரத்து நெரிசலை எப்படித் தீர்ப்பது என்பதை மக்களோடு உட்கார்ந்து யாரும் பேசித் தீர்க்காததால், தடை விழுந்த பிறகும் பிரச்சினை அப்படியே இருந்தது.

வரைவு நிலையிலேயே பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு காமாரெட்டி உதாரணம். ஹைதராபாதுக்கு வடமேற்கே இருக்கும் அந்த நகராட்சியின் வரைவு முழுமைத் திட்டம், சுற்றியுள்ள கிராமங்களின் விளைநிலத்தைத் தொழில் மண்டலமாகக் காட்டியது. ஆட்சேபணைக் கெடு முடியும் முன்பே விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். ஒரு விவசாயி உயிரை மாய்த்துக்கொண்டார். 2023 ஜனவரியில் நகர்மன்றம் கூடி அந்த வரைவைக் கைவிடுவதாகத் தீர்மானம் போட்டது. இறுதியாகி அரசாணை வந்திருந்தால் ஒரு தீர்மானத்தோடு முடிந்திருக்காது. ஆனால், ஒவ்வொரு கிராமத்திலும் வரைபடத்தை விரித்து வைத்து முன்கூட்டியே விளக்கியிருந்தால், அந்தப் போராட்டமே தேவைப்பட்டிருக்காது.

எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எதுவும் கட்ட முடியாது என்பார்கள் சிலர். நியாயமான கவலைதான். வசதியான காலனியின் சங்கம், பக்கத்து பஸ்தியில், அதாவது குடிசைப் பகுதியில், இருப்பவர்களுக்கு வீடு வருவதை எதிர்க்கவும் கூடும். ஆனால், கருத்துக் கேட்பது வேறு, தடுக்கும் உரிமை கொடுப்பது வேறு. வந்த ஆட்சேபணைகளைப் பதிவுசெய்து, எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதுதான் கோரிக்கை. வீட்டு உரிமையாளர்களோடு வாடகைக்கு இருப்பவர்களையும் பட்டா இல்லாதவர்களையும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். இப்படி மக்களைக் கேட்பது ஹைதராபாதுக்குப் புதிதும் அல்ல. 1967இல் ஹைதராபாத் மாநகராட்சி தொடங்கிய நகர சமுதாய வளர்ச்சித் திட்டத்தில், பஸ்தி மக்கள் குழுவாகக் கூடித் தங்கள் தேவைகளைத் தாங்களே முடிவுசெய்தார்கள். பின்னர் பட்டாவும் வங்கிக் கடனும் பெற்றுத் தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

குடியிருப்போர் செய்ய வேண்டியதும் இருக்கிறது. ‘இந்தத் திட்டம் வேண்டாம்’ என்று ஆயிரம் பேர் கையெழுத்திட்ட மனுவைவிட, சர்வே எண், வரைபடத்தில் அந்த இடத்தின் வகை, அங்கே இப்போது இருப்பது, நேரக்கூடிய பாதிப்பு, மாற்று யோசனை ஆகிய ஐந்தும் அடங்கிய ஒரு பக்க ஆட்சேபணை வலுவானது. அதைக் கெடுவுக்குள் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். பின்னாளில் வழக்கு என்று வந்தாலும் அந்தக் காகிதம்தான் பேசும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பாடம் இருக்கிறது. 2022 முதல் நம் நகரங்களிலும் பகுதி சபைகள் (ஏரியா சபைகள்) கூடுகின்றன. சென்னைக்கு மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிறது. அதன் வரைவை வார்டு வாரியாகப் பிரித்து, தெருப் பெயர்களோடு எளிய தமிழில், ஒவ்வொரு பகுதி சபையிலும் வைத்து விவாதிக்க அரசு உத்தரவிட வேண்டும். அந்தக் கூட்டங்களில் எழுந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் திட்டத்தின் பகுதியாகவே அச்சாக வேண்டும்.