கரி பஸ்ஸும் கார்னோவும்

மதுரையில் ஒரு காலத்தில் பஸ்கள் கரியில் ஓடின என்று சொன்னால், 'ஸார், நீங்க சொல்றது ரயில்' என்று இளைஞர்கள் என்னைத் திருத்துகிறார்கள். ரயில் இல்லை ஐயா, பஸ்தான். ஸ்டியரிங், ஹார்ன், 'உள்ள போ, உள்ள போ' என்று விரட்டும் கண்டக்டர் எல்லாம் உள்ள அசல் பஸ். முதுகில் மட்டும் தார் டிரம் மாதிரி ஓர் உருளை தொங்கும். அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கிளீனர் பையன் கைவிசிறியைக் கால்மணி நேரம் சுற்றினால், அதற்குப் பிறகு எஞ்சின் மனசு வைத்தால் பஸ் கிளம்பும்.

இரண்டாம் உலகப் போர் சமயம். பெட்ரோலுக்கு ரேஷன். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. அடுத்த மாதம் பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளை, ஜப்பான்காரன் கையில் சிக்கிவிடக் கூடாது என்று பிரிட்டிஷார் தாங்களே நாசம் செய்துவிட்டுப் பின்வாங்கினார்கள். அங்கே கிணறு எரிய, இங்கே பஸ் நின்றது. மதுரையில் 1910-களின் தொடக்கத்திலேயே பஸ் விட்டவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்று ஒரு சாதனத்தைத் தயாரித்து வாகனங்களுக்கு மாட்டினார். இதே காரியத்தை உலகம் பூராவும் செய்தார்கள். போர் முடிகிற சமயம் ஜெர்மனியில் மட்டும் சுமார் 5 லட்சம் வாகனங்கள் கரியிலும் விறகிலும் ஓடிக்கொண்டிருந்தன.

சரி, பெட்ரோல் எஞ்சினுக்குக் கரி எப்படி ஜீரணமாயிற்று? இதற்குப் பதில் தெரிந்தால் உங்கள் பைக்குக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிடும். பைக் மைலேஜ் விஷயத்தில் உங்களை ஒருத்தரும் ஏமாற்றவும் முடியாது. எனவே, தொடர்ந்து படிக்கவும்.

இஸ்திரி போடுகிறவரின் கரிப்பெட்டியைக் கவனித்திருப்பீர்கள். கனலும் கரியின் மேல் சில சமயம் நீலமாக ஒரு சின்ன ஜ்வாலை தத்தளிக்கும். அது கரி எரிவதல்ல. கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு எரிகிறது. கரிக்குத் தேவையான காற்று கிடைத்தால் முழுசாக எரிந்து கார்பன் டை ஆக்ஸைடு ஆகிவிடும். அதோடு கதை முடிந்தது. அந்த டை ஆக்ஸைடு மேலே போகிற வழியில் இன்னும் செக்கச் சிவந்த கரியைச் சந்தித்தால், தன் ஆக்ஸிஜனில் பாதியை அதற்குப் பங்கு கொடுத்து, இரண்டும் மோனாக்ஸைடு ஆகிவிடுகின்றன. அரைகுறையாக எரிந்த வாயு. மீதிப் பாதியும் எரியத் தயாராக இருக்கிறது.

பஸ்ஸின் முதுகில் தொங்கிய டிரம்முக்கு இதுதான் வேலை. அளவாகக் காற்று விட்டு, கரியைப் பாதி மட்டும் எரித்து, வாயுவை வடிகட்டி, குளிரவைத்து எஞ்சினுக்கு அனுப்பும். குளிரவைப்பது ஏன் என்றால், சூடான வாயு உப்பிக்கொள்ளும், சிலிண்டருக்குள் கொஞ்சம்தான் அடங்கும். ஒரு தடவை எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டால் கிளீனர் பையனுக்கு ஓய்வு. எஞ்சினே உறிஞ்சி உறிஞ்சித் தன் அடுப்பைத் தானே ஊதிக்கொள்ளும்.

உள்ளே போனபின் நடப்பதைச் சோழவந்தான் வெற்றிலையை வைத்து விளக்கலாம். வாயில் போடுகிறீர்கள். மென்று அமுக்குகிறீர்கள். சாறு இறங்கி 'ஆகா' என்கிறீர்கள். துப்புகிறீர்கள். நான்கு காரியம். எஞ்சினும் அதையேதான் செய்கிறது. பிஸ்டன் கீழே போய்க் கலவையை உறிஞ்சுகிறது. மேலே வந்து அமுக்குகிறது. பிளக் பொறி விடுகிறது, கலவை எரிந்து, வாயு சூடாகி விரிந்து பிஸ்டனை உதைக்கிறது. மறுபடி பிஸ்டன் மேலே வந்து புகையைச் சைலன்ஸர் வழியாகத் துப்புகிறது. நிமிஷத்துக்கு 3,000 சுற்று என்றால் ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு 25 தடவை வெற்றிலை போடுகிறது.

இந்த நான்கில் சம்பாதிப்பது மூன்றாவது ஒன்றுதான். மற்ற மூன்றும் அதன் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடுகின்றன. ஒரே சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற ஆபீஸ் நண்பர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒண்ணாம் தேதி வாங்கியதை முப்பதாம் தேதிவரை இழுத்துப் பிடிப்பதற்கு எஞ்சினிலும் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் ஃப்ளைவீல்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினை 1876-ல் ஓடவைத்த ஜெர்மானியர் நிக்கலாஸ் ஆட்டோ, அதைப் பெட்ரோலில் ஓட்டவில்லை. தெருவிளக்குகளுக்காகக் குழாயில் வந்துகொண்டிருந்த நிலக்கரி வாயுவில்தான் ஓட்டினார். பெட்ரோல் பின்னால் வந்த மருமகள். ஆக, மதுரை பஸ் கரிவாயுவுக்கு மாறியது எஞ்சினைப் பொறுத்தவரை தாய்வீட்டுக்குப் போனது மாதிரி. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. நம்ம ஊர் பஜ்ஜிக் கடைக்காரர் பார்த்திருந்தால் ரத்தக் கண்ணீர் வடித்திருப்பார்.

விஷயம் இதுதான். எஞ்சின் பெட்ரோலைக் கேட்பதில்லை. அது கேட்பது சூடு. உள்ளே காற்று சூடாகி விரிய வேண்டும், அவ்வளவே. எதை எரித்தாய் என்பதில் அதற்கு ஜாதி பேதம் இல்லை.

ஆனால் கணக்கில் படு கறார். கரிவாயுவில் சரிபாதிக்கு மேல் காற்றிலிருந்து வந்த நைட்ரஜன். எரியாது, சும்மா ஸீட்டை அடைத்துக்கொண்டு வரும் வித்தவுட் டிக்கெட். ஒரு சிலிண்டர் நிறைய பெட்ரோல் கலவையில் உள்ள சூட்டில், அதே அளவு கரிவாயுக் கலவையில் இருப்பது சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். வடிகட்டி, குழாய் இவற்றின் இழுவையையும் சேர்த்தால் எஞ்சினின் பலம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். மதுரை சமவெளியாக இருந்தது பஸ்ஸின் பூர்வ புண்ணியம். ஆண்டிபட்டிக் கணவாய் மாதிரி ஓர் ஏற்றம் குறுக்கிட்டால், 'ஆம்பளை ஆளுங்கள்லாம் கொஞ்சம் இறங்குங்கப்பா' என்பதைத் தவிர கண்டக்டருக்கு வேறு வழி இல்லை.

பெட்ரோலே ஊற்றினாலும் கொடுத்த சூடு முழுவதும் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறீர்கள். ஏறத்தாழ 25 ரூபாய்தான் வண்டியை நகர்த்துகிறது. 30 ரூபாய் எஞ்சினின் மேல்தோலையும் ரேடியேட்டரையும் சூடாக்கி ரோட்டில் போகிற காற்றுக்குத் தானம். 35 ரூபாய் சைலன்ஸர் வழியாக அவுட். பாக்கி உராய்வுக்கு. என்ன அநியாயம், எஞ்சினியர்கள் தூங்குகிறார்களா என்று கேட்பீர்கள். 1824-லேயே ஒருத்தர் கேட்டார். பெயர் ஸாடி கார்னோ. பிரெஞ்சுக்காரர், அப்போது வயசு முப்பதுகூட ஆகவில்லை. கண்டுபிடித்த பதிலை ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டார். அவர் இருந்தவரை அதை அதிகம் பேர் சீந்தவில்லை. 1832-ல், 36 வயசில், காலராவில் போய்விட்டார்.

கார்னோ சொன்னதைப் புரிந்துகொள்ளக் குமுளிப் பக்கம் போக வேண்டும். முல்லைப் பெரியாறு தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்து, ராட்சதக் குழாய்களில் லோயர் கேம்ப்புக்கு இறங்கும்போது டர்பைனைச் சுற்றுகிறது. கரன்ட் வருகிறது. அந்தத் தண்ணீர்தான் பிறகு வைகையில் சேர்ந்து மதுரைப் பக்கம் வருகிறது. தண்ணீர் வேலை செய்வது மேலிருந்து கீழே இறங்குவதால். மேலேயே நின்றால் வேலை இல்லை. தவிர, லோயர் கேம்ப் கடல் மட்டத்தில் இல்லை. அங்கிருந்து கடல்வரை இன்னும் பல நூறு அடி உயரம் பாக்கி. ஆனால் இந்த டர்பைனைப் பொறுத்தவரை லோயர் கேம்ப்தான் தரை. பாக்கி உயரம் அதற்குக் கிடையாது.

சூடும் அப்படியே. அதிக வெப்பநிலையிலிருந்து குறைந்த வெப்பநிலைக்கு இறங்கும்போதுதான் வேலை பார்க்கும். அதன் கடல் மட்டம் மைனஸ் 273 டிகிரி ஸெல்ஷியஸ். நம்முடைய லோயர் கேம்ப், சித்திரை மாசத்து மதுரை, 40 டிகிரி. அதற்குக் கீழே இறக்கப் பள்ளம் இல்லை. ஆகவே உள்ளே போன சூட்டில் ஒரு பங்கு வெளியே போய்த்தான் தீரும். நீங்கள் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் சரி, ஜப்பானில் படித்திருந்தாலும் சரி. சைலன்ஸர் சுடுவது எஞ்சினியரின் கையாலாகாத்தனம் மட்டும் இல்லை, இயற்கை போடும் வரி. எரிகிற சூடு அதிகமாக அதிகமாக வரி குறையும். நெருக்கி அமுக்கிவிட்டு எரித்தால் அதிகம் விரியும், அதிகம் வேலை கிடைக்கும். டீசல் எஞ்சின் கலெக்டர் ஜீப்பிலும் கிணற்று மேட்டிலும் பெட்ரோலை ஜெயித்ததன் ரகசியம் இந்த அமுக்கல்தான். காற்றை மட்டும் உறிஞ்சி, பதினைந்து இருபதில் ஒரு பங்காக நசுக்கிவிடும். பிளக்கே வேண்டாம், அந்தச் சூட்டில் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும்.

இப்போது ஏமாறாமல் இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

சிம்மக்கல் பக்கம் ஒரு மெக்கானிக் கடையில், பெட்ரோல் டியூபில் மாட்டும் காந்தம் ஒன்றை என் தலையில் கட்டப் பார்த்தார் ஒரு விற்பனையாளர். 'ஸார், மைலேஜ் டபுள்.' எனக்கு முன்னால் மெக்கானிக் தம்பி முந்திக்கொண்டார். 'அண்ணே, டபுள்னா சைலன்ஸர் ஜில்லுன்னு ஆகணுமேண்ணே?' கார்னோவைப் படிக்காமலே கார்னோ. எந்த மைலேஜ் மாயத்தையும் கேட்கவேண்டிய கேள்வி இது ஒன்றுதான். வீணாகிற எந்தச் சூட்டை மிச்சம் பிடித்தாய், அதைக் காட்டு. காந்தத்தால் காட்ட முடியாது. பெட்ரோல் இரும்பு இல்லை, காந்தத்தைச் சட்டையே செய்யாது.

'தண்ணீரில் ஓடும் பைக்' என்பது இன்னும் ரசமானது. தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல். சாம்பலை மறுபடி எரிக்க வேண்டுமானால், எரிந்தபோது வந்த சூட்டையெல்லாம் திருப்பிக் கொடுத்துப் பிரிக்க வேண்டும். அதைக் கொடுப்பது பைக் பேட்டரி, பேட்டரிக்குக் கொடுப்பது எஞ்சின், எஞ்சினுக்குக் கொடுப்பது உங்கள் பர்ஸ். சில கரிவாயு சாதனங்களில் கனலின் மேல் கொஞ்சம் தண்ணீர் சொட்டவிடுவார்கள். அதிலிருந்து ஹைட்ரஜன் வந்து வாயுவைச் செறிவாக்கும். உண்மை. ஆனால் செலவு கரியின் கணக்கில். கனல் அந்த அளவுக்கு அடங்கிப் போகும்.

நிஜமாகவே உங்கள் கையில் இருப்பவை அலுப்பூட்டும் சமாசாரங்கள். டயரில் காற்று, செயினில் எண்ணெய், சுத்தமான ஏர் ஃபில்டர். சிக்னலில் நிற்கும்போது எஞ்சினை அணைப்பது, ஏனென்றால் அப்போது உங்கள் மைலேஜ் சுத்தமாகப் பூஜ்யம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு. பைபாஸில் பறக்கும் நண்பர்கள் சக்கரத்துக்குப் போகிற அந்த 25 ரூபாயிலும் பெரும்பங்கைக் காற்றைத் தள்ளவே செலவழிக்கிறார்கள்.

இன்னொன்று, இதில் நகைச்சுவை இல்லை. கரி பஸ்ஸின் ஆகாரமான அந்த மோனாக்ஸைடு வாசனை இல்லாத விஷம். ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அப்புறம் எழுந்திருக்க மாட்டோம். பெட்ரோல் எஞ்சினின் புகையிலும் அது உண்டு. கரன்ட் போய்விட்டது என்று கடைக்குள்ளேயே ஜெனரேட்டரை வைத்து ஷட்டரை இறக்குவதும், மூடின ஷெட்டில் பைக்கை ஓடவிடுவதும், குளிருக்காகப் பூட்டின ரூமில் கரி அடுப்பு வைப்பதும் ஒரே தப்பின் மூன்று வடிவங்கள். தயவுசெய்து வேண்டாம்.

'இதெல்லாம் பழைய கதை ஸார், நான் எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு மாறிட்டேன்' என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்ல காரியம். மின்மோட்டாருக்குக் கார்னோ வரி கிடையாது, கொடுத்ததில் 80 சதவிகிதத்துக்கு மேல் சக்கரத்துக்குத் தரும். ஆனால் ராத்திரி சார்ஜ் போடுகிற கரன்ட்டில் கணிசமான பங்கு நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது. எரிந்த சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். வரியை உங்களுக்குப் பதிலாக அனல் மின்நிலையம் கட்டிவிடுகிறது. கரி டிரம்மை முதுகிலிருந்து கழற்றி ஊருக்கு வெளியே வைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

அதுவும் மாறிக்கொண்டு வருகிறது. ராமநாதபுரம் சீமையில் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற அதே மண்ணில், கமுதியில், 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. கரியும் மரத்துக்குள் ஒளிந்திருந்த வெயில்தான். வெயிலுக்கு நம் பக்கம் என்றைக்கும் ரேஷன் கிடையாது.