ஓர் ஏடு சிதைந்தால் சுவடியை எரிப்பதா?

இணையத்தைப் பற்றிப் பேசுவது விஞ்ஞான, பொறியியற் பீடத்தாரின் தனியுரிமை என்றும், கலைப்பீட மாணவர் அதனைப் பயன்படுத்துவதோடு அமைதல் வேண்டும் என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் பிழையானது. நம்பிக்கை, பொறுப்பு, தண்டனை ஆகியன பற்றி மனிதர் எடுத்த முடிவுகள் பல இணையத்தின் அடித்தளத்தில் விதிகளாக நிற்கின்றன. பிழையான செய்தி வந்தால் அதனைக் கொண்டுவந்தவனோடு உறவையே முறித்துவிடுக என்பது அவ்விதிகளுள் ஒன்று. அவ்விதி நியாயமற்றது, தக்க மாற்று இருந்தும் அதனை நடைமுறையில் வைத்திருப்போர் பொறுப்புக் கூற வேண்டியவர்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இணையம் ஒரே வலையமைப்பு அன்று. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி வலையமைப்புகளின் கூட்டு. எம்முகவரிக்கு எவ்வழியாற் செல்லலாம் என்பதை இவை ஒன்றுக்கொன்று ஓயாது அறிவிக்கின்றன. அவ்வறிவித்தலுக்குரிய நெறிமுறையே பி.ஜி.பி. எனப்படுவது. 1989 இல் கேர்க் லொகீட், யாக்கொவ் றெக்ரர் என்னும் இரு பொறியியலாளர் உணவுவேளையிற் கைதுடைக்கும் தாள்களில் வரைந்து தொடங்கியது எனப் பெயர்பெற்ற அந்நெறிமுறை, இன்று ஏறத்தாழப் பத்து இலட்சம் வழிகளைச் சுமக்கின்றது. ஒரு வலையமைப்பின் எல்லையிலுள்ள ரவுட்டர் அயல் வலையமைப்பின் ரவுட்டரோடு நீடித்த ஓர் இணைப்பை ஏற்படுத்தி, அதனூடாக வழிகளைப் பெறும். ஒவ்வொரு வழியோடும் சில பண்புக்குறிப்புகள் சேர்ந்து வரும்.

இக்குறிப்புகளுள் ஒன்று சிதைந்து வந்தால் என் செய்வது? 2006 இல் வெளியான ஆர்.எவ்.சி. 4271 என்னும் நியம ஆவணம் தரும் விடை கடுமையானது: பிழையை அறிவித்து இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். துண்டித்ததும் அவ்வயலாரிடமிருந்து பெற்ற வழிகள் அனைத்தும் நீக்கப்படும். ஒரு தீய வழியின் பொருட்டு இலட்சக்கணக்கான நல்ல வழிகள் அழியும். சற்று நேரத்தில் இணைப்பு மீளும். அயலார் தம் வழிகளை மறுபடியும் அனுப்புவர். அவற்றுள் அதே பிழைச்செய்தியும் வரும். மீண்டும் துண்டிப்பு நிகழும்.

இதனினும் கொடிய ஒன்றுண்டு. பொருள் தெரியாவிடினும் அடுத்தவருக்குக் கடத்துக என ஒருவகைக் குறிப்புகளைப் பற்றி நெறிமுறை ஆணையிடுகின்றது. புதிய வசதிகள் பரவ இது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் சிதைந்த குறிப்பும் இதே சலுகையோடு பயணம் செய்யும். அதனை அறியாத ரவுட்டர்கள், ஒட்டிய கடிதத்தைச் சுமக்கும் தபாற்காரனைப் போல, அப்படியே கடத்திவிடுகின்றன. வெகு தொலைவில் அதனைப் படிக்கத் தெரிந்த ரவுட்டர் ஒன்று பிழையைக் காண்கின்றது. எழுதியவனை விடுத்துத் தபாற்காரனை வெளியேற்றுகின்றது. எழுதியவனுக்கு யாதொரு கேடுமில்லை.

இவை வெறும் ஊகங்கள் அல்ல. 2010 ஆகஸ்ட் 27 ஆம் திகதி, ஐரோப்பிய இணைய முகவரிப் பதிவகமாகிய றைப் என்.சி.சி.யும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் ஓர் ஆய்வின் பொருட்டுப் புதுவகைக் குறிப்பொன்றோடு கூடிய வழியை அறிவித்தன. அவ்வறிவிப்பிற் பிழையில்லை. சிஸ்கோ நிறுவனத்தின் ஒருவகை ரவுட்டர்களில் இருந்த மென்பொருட் குறைபாடு அதனைச் சிதைத்து அயலாருக்கு அனுப்பியது. விதியை மீறாத அயலார் இணைப்பைத் துண்டித்தனர். ஆய்வு அரைமணி நேரத்துள் நிறுத்தப்பட்டதாயினும், அதற்குள் ஆயிரக்கணக்கான வழிகள் நிலைகுலைந்தன. விதியை மீறியதால் அன்று, விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தமையாலேயே கேடு பரவியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இத்தகைய அனுபவங்களின் பயனாக 2015 ஆகஸ்டில் ஆர்.எவ்.சி. 7606 வெளியாயிற்று. சிதைந்த குறிப்போடு வரும் வழியை, அனுப்பியவரே மீளப்பெற்றுக்கொண்டதாகக் கருதி நீக்குக. தீங்கற்ற குறிப்பாயின் அதனை மட்டும் விலக்குக. எவ்வழி பற்றிய செய்தி என்பதையே பிரித்தறிய முடியாதபோது மட்டும் இணைப்பைத் துண்டிக்குக என அது விதித்தது.

தமிழ் மாணவருக்கு இம்முறை புதியதன்று. உ. வே. சாமிநாதையர் 1894 இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267 ஆம், 268 ஆம் பாட்டுக்கள் கிடைத்தில. வேறு பல பாட்டுக்களில் அடிகள் சிதைந்திருந்தன. ஐயர் என் செய்தார்? சுவடி பழுதுற்றது எனக் கூறி முழுநூலையும் ஒதுக்கினாரல்லர். தாமே இரு பாட்டுக்களை யாத்து இடைவெளியை நிரப்பினாரும் அல்லர். இல்லாததை இல்லை எனக் காட்டி, எஞ்சியதை நமக்குத் தந்தார். ஆர்.எவ்.சி. 4271 சுவடியை எரிக்கும் முறை. 7606 பதிப்பாசிரியரின் முறை.

எதிர்வாதங்களை நோக்குவோம். பிழையை மன்னித்தால் பிழை பெருகும் என்பர் சிலர். ஏற்பதில் தாராளம் வேண்டும் என 1980 களின் தொடக்கத்தில் ஜோன் பொஸ்ரல் வகுத்த கொள்கை, பிழையான மென்பொருள்களை வாழவிட்டது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆயின் 7606 கூறும் முறை மன்னிப்பு அன்று. சிதைந்த வழி ஏற்கப்படுவதில்லை, அதன் பொருளை எவரும் ஊகிப்பதில்லை, பிழை பதிவுசெய்யப்படுகின்றது. தண்டனை குற்றத்தின் அளவோடு நிற்கின்றது, அவ்வளவே. ஒரே வலையமைப்பினுள் சில ரவுட்டர்கள் ஒரு வழியை ஏற்க, வேறு சில நீக்கினால் முரண்பாடு விளையும் என்பது இன்னொரு வாதம். இது வலுவானது, அவ்வாவணமே இவ்வபாயத்தை ஒப்புக்கொள்கின்றது. எனினும் அதனால் இழக்கப்படக்கூடியது அவ்வொரு வழி. துண்டிப்பால் இழக்கப்படுவது அனைத்தும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க இயலுமா?

ஆகவே கோட்பாட்டளவில் வழக்கு 2015 இலேயே முடிந்துவிட்டது. நடைமுறையோ வேறு. 2023 ஜூனில் பிரேசிலின் சிறிய வலையமைப்பு ஒன்று அறிவித்த வழியிற் சிதைந்த குறிப்பொன்று இருந்தது. இடைப்பட்டோர் அதனைக் கடத்தினர். ஜூனிப்பர் நிறுவனத்தின் ரவுட்டர்கள் இணைப்புகளைத் துண்டித்தன. பிழை பொறுக்கும் ஏற்பாடு அவற்றில் இல்லாமலில்லை. ஆனால் நிருவாகி தாமாக இட்டாலன்றி அது இயங்காது! அவ்வாண்டு ஆகஸ்டில் அந்நிறுவனம் வெளியிட்ட பாதுகாப்பு அறிவித்தலும் அவ்வேற்பாட்டை இட்டுக்கொள்ளும்படியே கூறியது. தீயணைக்கும் கருவியைப் பூட்டிவைத்துச் சாவியைத் தேடிக்கொள்க என்பதற்கும் இதற்கும் யாது வேறுபாடு? இயல்பிருப்பை மாற்றினால் வாடிக்கையாளர் குழம்புவர் என்பது ஏற்கத்தக்க சமாதானம் ஆகாது. எங்கோ ஒரு சிறு வலையமைப்பின் சிதைந்த செய்தி தமது இணைப்பைத் துண்டிக்கும் என்று எதிர்பார்த்து எவரும் ரவுட்டர் வாங்குவதில்லை.

இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ண் வலையமைப்பும் பி.ஜி.பி. வழியாகவே வெளியுலகோடு பேசுகின்றது. நமது நூலகத் தேடல்களும் விரிவுரைகளும் அவ்வழியே செல்கின்றன. ஆதலால் இவ்விடயம் நமக்குப் புறம்பானதன்று. பொதுப்பணத்தில் ரவுட்டர் கொள்வனவு செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் கேள்விப்பத்திரத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தல் வேண்டும்: ஆர்.எவ்.சி. 7606 இன் முறை, கருவி பெட்டியிலிருந்து வெளிவரும்போதே இயங்கும் நிலையில் இருத்தல் வேண்டும். கொள்வோர் வற்புறுத்தாதவரை விற்போர் தாமாக மாறுவர் என எதிர்பார்ப்பது வீண். அவ்வற்புறுத்தலைப் பொறியியற் பீடத்தாரிடம் மட்டும் விட்டுவிடாது, விதிகளின் நியாயத்தை வினவப் பயின்ற நாமும் அதில் இணைதல் வேண்டும்.