பூனைக்குக் கொடுத்தவர் யார்?

பூனையின் மேல் பழி போடுவது நமக்குப் புதிதல்ல. குறுக்கே போனால் சகுனத் தடை. பாலில் வாய் வைத்தால் திருடி. 2020க்குப் பிறகு இன்னொரு பழியும் சேர்ந்துகொண்டது: பூனை கொரோனாவைப் பரப்பும் என்று. இப்போதும் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல் வந்தால், "முதலில் அந்தப் பூனையைச் சாக்கில் கட்டி மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வாருங்கள்" என்று சொல்லும் உறவினர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் பிரான்சிலும் இருக்க, நம் வயதுக்காரர்கள் பலருக்கு வீட்டில் பேச்சுத்துணை அந்த ஒரு பூனைதான். அதனால் இதைப் பற்றி என் கருத்தைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நான் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். ஒரு கோப்பில் சிக்கல் என்றால், அது எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போனது என்றுதான் முதலில் பார்ப்போம். இதையும் அப்படிப் பார்ப்போம்.

2020 மார்ச் கடைசியில் பெல்ஜியத்தில் ஒரு பூனைக்குத் தொற்று இருப்பதாக அறிவித்தார்கள். அதை வளர்த்தவர் இத்தாலிக்குப் போய்வந்து நோயில் விழுந்தவர். பள்ளியில் பிரெஞ்சுப் பாடத்தில், 1885இல் வெறிநாய் கடித்த சிறுவனை லூயி பாஸ்தேர் காப்பாற்றிய கதையைப் படித்திருக்கிறோம். அது விலங்கிடமிருந்து மனிதனுக்கு வந்த நோய். அந்தப் பாஸ்தேர் பெயரிலுள்ள நிறுவனமும் அல்ஃபோர் கால்நடை மருத்துவப் பள்ளியும் 2020 மே மாதத்தில் பிரான்சின் முதல் தொற்றுப் பூனையைக் கண்டறிந்தன. இங்கே திசை தலைகீழ். நோய் மனிதனிடமிருந்து பூனைக்குப் போயிருந்தது.

காரணம் எளிது. இந்தக் கிருமி உடலுக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும். நம் உயிரணுக்களில் உள்ள அந்த வாசலும் பூனையின் வாசலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. நாய்க்கு அவ்வளவு எளிதில் தொற்றாது, கோழிக்குத் தொற்றுவதே இல்லை.

பூனையிடமிருந்து மனிதனுக்கு வந்ததே இல்லையா? வந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தாய்லாந்தின் தெற்கே, சோங்க்லா மாகாணத்தில், ஒரு பூனைக்குப் பரிசோதனை செய்தபோது அது பெண் மருத்துவரின் முகத்துக்கு நேரே தும்மியது. அவர் முகக்கவசமும் கையுறையும் போட்டிருந்தார், கண்ணுக்குத் தடுப்பு இல்லை. சில நாளில் அவருக்கும் நோய். ஆனால் அந்தப் பூனைக்கு அதைக் கொடுத்தவர்கள் அதை வளர்த்த தந்தையும் மகனும். கோப்பு அங்கிருந்துதான் புறப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சீனாவின் ஹார்பின் நகரில், உரிமையாளர் தொற்றோடு மருத்துவமனையில் கிடக்க, அவருடைய 3 பூனைகளைக் கொன்றுவிட்டார்கள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. வாங்கியவனுக்குத் தண்டனை, கொடுத்தவனுக்குச் சிகிச்சை!

இன்னொன்று. பூனைகளுக்கென்று தனியாக ஒரு கொரோனா கிருமி வெகுகாலமாக இருக்கிறது. அது வேறு, மனிதனுக்குத் தொற்றாது. கால்நடை மருத்துவர் சீட்டில் 'கொரோனா' என்று எழுதினார் என்பதற்காகப் பதறவேண்டாம், எந்தக் கொரோனா என்று கேளுங்கள்.

சரி, என்ன செய்வது? நமக்குக் காய்ச்சல் என்றால் பேரப்பிள்ளைகளை எப்படித் தள்ளி வைப்போமோ, அப்படியே பூனையையும் வைக்கவேண்டும். மடியில் தூக்கி முத்தம் கொடுப்பதும் ஒரே படுக்கையில் படுப்பதும் சில நாள் வேண்டாம். சோறு வைக்க வேறு ஆள் இருந்தால் நல்லது. தனியாக இருப்பவர்கள் முகக்கவசம் போட்டு, முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். பூனைக்கு முகக்கவசம் போடாதீர்கள். பினாயில், டெட்டால், சானிடைசர் எதையும் அதன்மேல் தடவாதீர்கள். அது உடம்பை நக்கும், விஷமாகிவிடும். தொற்றிய பூனைகளில் பெரும்பாலானவை லேசான தும்மல், சோர்வோடு தேறிவிடுகின்றன.

தெருவில் விடப்பட்ட வீட்டுப் பூனைக்குச் சோறு தேடவும் தெரியாது, நாய்க்குத் தப்பவும் தெரியாது. நாம் திடீரென்று ஆஸ்பத்திரிக்குப் போனால் வீட்டுச் சாவியை எந்தப் பக்கத்து வீட்டாரிடம் கொடுப்பது, பூனைக்கு யார் சோறு வைப்பது என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே பேசி வையுங்கள். அது நம் கடமை, ஏனென்றால் அதை வீட்டுக்குள் கூப்பிட்டவர்கள் நாம்தான்.